ஆயிலுக்குக் காய்ச்சல்!

138.

மார்க் இல்லீங்க. எங்க ரேஸ் காரோட இன்ஜின் ஆயில் சூடு. செல்சியஸ்ல!

டிசம்பர் முதல் வாரம், ஒரு சாயங்காலம். காலேஜ் கிரவுண்டுக்குப் பின்னாடி இருக்கிற தார் ரோட்டுல எங்க காரை டெஸ்ட் பண்ணிட்டு இருந்தோம். டிரைவர் பையன் பன்னிரண்டு ரவுண்டு அடிச்சுட்டு வந்து நின்னான். லேப்டாப்பை சொருகிப் பார்த்தா தண்ணி 96 டிகிரி. ஓகே. ஆயில் 138. நாட் ஓகே!

"தண்ணி கரெக்ட்டாதானே இருக்கு, அப்புறம் என்ன?"னு டிரைவர் ஹெல்மெட்டைக் கழட்டிட்டே கேட்டான். கேப்டன் அவனைப் பார்க்கலை. என்னைப் பார்த்தான். ஏன்னா டீம்ல 'கூலிங் டிபார்ட்மென்ட்' நான்தான். டிபார்ட்மென்ட்னா ஏதோ பத்துப் பேர்னு நினைச்சுடாதீங்க... தலைவர், செயலாளர், பொருளாளர், தொண்டர் எல்லாமே நான் ஒருத்திதான்!

சின்ன அறிமுகம். நான் நாகர்கோவில் பொண்ணு. ஊர்ல இருந்து ஆறு மணி நேரம் தள்ளி ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் மூணாம் வருஷம். கிளாஸ்ல அறுபது பேர், அதுல பொண்ணுங்க நாலே நாலு. எங்க காலேஜ்ல ஃபார்முலா ஸ்டூடன்ட் டீம் ஒண்ணு இருக்கு. மாணவர்களே டிசைன் பண்ணி, மாணவர்களே செஞ்சு, மாணவர்களே ஓட்டுற ஒத்தை சீட்டு ரேஸ் கார் போட்டி இது. 1981-ல அமெரிக்காவோட டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச விஷயம், இப்போ உலகம் முழுக்க நடக்குது. நம்ம ஊர்ல கோயமுத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில ஜனவரி மாசம் நடக்குற 'ஃபார்முலா பாரத்' அந்த ஜாதிதான்.

எங்க கார்ல இருக்கிறது 373 சிசி ஒற்றை சிலிண்டர் பைக் இன்ஜின். பைக்ல இருந்தவரைக்கும் அது ரொம்ப நல்ல பிள்ளை. நாங்கதான் அதைத் தூக்கிட்டு வந்து டிரைவர் முதுகுக்குப் பின்னாடி அடைச்சு, முன்னாடி இருந்து வர்ற காத்தை மறிச்சு, ரூல்ஸ்படி 20 மில்லிமீட்டர் ஓட்டை வழியா மட்டும் மூச்சு விடச் சொல்லி, எப்பவும் ஆறாயிரம் ஏழாயிரம் ஆர்.பி.எம்-லயே வெச்சு வதைச்சோம். காய்ச்சல் வராம என்ன பண்ணும்?

'காய்ச்சல்'ங்கிற வார்த்தை என்னோடது இல்லை. அப்பாவோடது. அங்கேதான் கதையே இருக்கு.

என் அப்பாவுக்கு நாகர்கோவில் கோட்டாறுல ஒரு சந்துக்குள்ள ரேடியேட்டர் கடை. கடைன்னா பெரிசா எதுவும் இல்லை. ஒரு தண்ணித் தொட்டி, ஒரு கம்ப்ரஸர், கேஸ் அடுப்பு, ஈயக் கட்டி, சுவர்ல சாமி படம். லாரி, பஸ், ஜீப்பு ரேடியேட்டர் ஓட்டையாச்சுன்னா கழட்டிட்டு வருவாங்க. அப்பா அதைத் தொட்டியில முக்கி, காத்து ஏத்தி, எங்க குமிழி வருதுன்னு பார்த்து ஈயம் வெச்சுப் பத்த வைப்பார். "வண்டிக்குக் காய்ச்சல், மருந்து கொடுத்திருக்கேன்"ங்கிறது அவரோட டயலாக்.

காலேஜ்ல யாராவது "அப்பா என்ன பண்றார்?"னு கேட்டா நான் என்ன சொல்வேன் தெரியுமா?

"ஆட்டோமொபைல் பிசினஸ்."

பொய் இல்லையே! ஆனா கேக்குறவங்க மனசுல ஷோரூம் வரும், கண்ணாடிக் கதவு வரும், ஏசி வரும். வரட்டுமேன்னு நானும் விட்டுடுவேன்.

சரி, 138-க்கு வருவோம். ஆயில் சூடானா என்ன குடி முழுகிடும்?

இன்ஜின்ல தண்ணி போற இடம் கொஞ்சம்தான். சிலிண்டரைச் சுத்தியும் ஹெட்டுக்குள்ளயும் ஓடிட்டு ரேடியேட்டருக்குத் திரும்பிடும். பிஸ்டனோட அடிப்பக்கம், கிராங்க் பேரிங், கேம் ஷாஃப்ட்... இங்கெல்லாம் தண்ணி போகாது. அங்க போறது ஆயில் மட்டும்தான். வழுக்கிக் கொடுக்குறது அதோட பாதி வேலை. மீதி வேலை, சூட்டை வாங்கிக்கிட்டு வர்றது. எங்க இன்ஜின்ல இருக்கிற ஆயில் ரெண்டு லிட்டர்கூட இல்லை. அதுவே இன்ஜினுக்கும், கியர் பாக்ஸுக்கும், கிளட்சுக்கும் சேர்த்து! (அதனாலதான் பைக்குக்கு 'ஜாசோ எம்.ஏ' முத்திரை இருக்கிற ஆயிலா பார்த்து ஊத்தணும். கார் ஆயிலை ஊத்தினா கிளட்ச் வழுக்க வாய்ப்பு இருக்கு, பாஸ்!)

ஆயில் டப்பாவுல 15W-50-ன்னு போட்டிருக்கே, அது என்ன தெரியுமா? 'W' வின்டர். குளிர்ல எப்படி ஓடும்கிறது முன்னாடி இருக்கிற நம்பர். பின்னாடி இருக்கிற 50, சூட்டுல எவ்வளவு கெட்டியா இருக்கும்கிறது. 100 டிகிரியில 16.3-க்குக் குறையாம, 21.9-க்குள்ள இருந்தா அது 50. கணக்கு சென்டிஸ்டோக்ஸ்ல. இதெல்லாம் 100 டிகிரி சமாசாரம். 138 டிகிரி போனா அந்தக் கெட்டித்தன்மை பாதிக்கும் கீழ இறங்கிடும். ரசம் மாதிரி இருக்கவேண்டியது வெந்நீர் மாதிரி ஆகும். பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல இருக்கிற ஆயில் படலம் மெலிஞ்சு, இரும்பும் இரும்பும் முத்தம் கொடுக்கும். காதல் கதையில முத்தம் நல்லது. இன்ஜின்ல அது க்ளைமாக்ஸ்! போதாக்குறைக்கு, சூடு 10 டிகிரி ஏறினா ஆயில் கெட்டுப்போற வேகம் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும்னு ஒரு பழைய கணக்கும் இருக்கு.

இதுக்கு மருந்து, ஆயில் கூலர். ஆயிலுக்குன்னு தனியா ஒரு குட்டி ரேடியேட்டர். இது ராக்கெட் சயின்ஸ் இல்லை. ரோட்டுல நிக்கிற ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ பாருங்க. இன்ஜினுக்கு முன்னாடி, முன் சக்கரத்துக்குப் பின்னால ஒரு சின்ன ஜல்லடை தெரியும். அதான். போர்ஷே 911 கார் இருக்கே, 1964-லிருந்து 1998 வரைக்கும் வந்த 911-கள்ல தண்ணியே கிடையாது. காத்தும் ஆயிலும்தான் கூலிங். அதே 911 குடும்பத்து ரேஸ் கார்லதான் 2025 ஜனவரியில 'அஜித் குமார் ரேசிங்' டீம் துபாய் 24 மணி நேர ரேஸ்ல 991 பிரிவுல மூணாவது வந்துச்சு. (இன்னிக்கு வர்ற 911-ல தண்ணி வந்தாச்சு. ஆனா ஆயிலைக் குளிர வைக்கிற வேலை மட்டும் மாறவே இல்லை.)

டீம்ல காசு வசூல் பண்ணோம். ஆளுக்கு இருநூறு ரூபாய். ஒரு சீனியர் அண்ணா மிச்சத்தைப் போட்டார். அலுமினிய ஆயில் கூலர் ஒண்ணு, ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் ரெண்டு, மூட்டுக்கு ஃபிட்டிங்ஸ். கார்னா ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல 'சாண்ட்விச் பிளேட்'னு ஒண்ணை வெச்சு ஆயிலை வெளிய இழுத்துடலாம். எங்க இன்ஜின்ல ஃபில்டர் ஒரு மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அதனால ஆயிலை வெளிய விட்டு உள்ள வாங்குற மாதிரி புது மூடி ஒண்ணை லேத்துல கடைஞ்சோம். மூணு ராத்திரி தூங்கலை.

எங்க மாட்டுறது? இடமே இல்லை. ஏற்கெனவே இருக்கிற தண்ணி ரேடியேட்டருக்குப் பின்னாடி ரெண்டு இன்ச் இடம் இருந்துச்சு. அங்கேயே சொருகிட்டேன். "ஒரே காத்துல ரெண்டு மாங்கா!"ன்னு பெருமையா வேற சொன்னேன்.

மறுபடியும் பன்னிரண்டு ரவுண்டு.

ஆயில் 135. தண்ணி 104.

அதாவது ஆயிலுக்கு மூணு டிகிரி குறைச்சு, தண்ணிக்கு எட்டு டிகிரி ஏத்தி விட்டிருக்கேன். தலைவலிக்கு மாத்திரை போட்டு வயித்துவலியை வாங்கின கதை! போதாததுக்கு கூலர் மூட்டுல லேசா ஈரம். ஊத்தும்போது சிந்தினதா இருக்கும்னு துடைச்சு விட்டுட்டேன். ஞாபகம் வெச்சுக்கங்க, இந்த ஈரம் பின்னாடி வரும்.

கேப்டன் கத்தலை. கத்தியிருந்தாக்கூட பரவாயில்லை. "லீவு முடிஞ்சு வந்து பார்த்துக்கலாம். முடியலைன்னா கூலரைக் கழட்டிட்டு, டிரைவரை மெதுவா ஓட்டச் சொல்லிடலாம்"னான். ரேஸ்ல மெதுவா! அந்த ஒரு வார்த்தை போதும், ஹாஸ்டல் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழறதுக்கு.

கிறிஸ்துமஸ் லீவு. கூலரைக் கழட்டி, துணியில சுத்தி, பைக்குள்ள வெச்சுக்கிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன். ஏன் எடுத்துட்டுப் போனேன்னு இப்பவும் சரியா சொல்லத் தெரியலை. அப்பாகிட்ட காட்டணும்னு நினைச்சேனா, காட்டக்கூடாதுன்னு நினைச்சேனா?

டிசம்பர்ல எங்க ஊரைப் பார்க்கணும் நீங்க! வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், தெருவுக்குத் தெரு குடில். எந்தச் சாமியைக் கும்பிடுற வீடா இருந்தாலும் பக்கத்து வீட்டுல இருந்து கேக் வந்துடும். எங்க வீட்டுல அன்னிக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு வந்தா, அப்பா என் பையைத் திறந்து கூலரைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருக்கார். கைக்குழந்தையைப் பார்க்குற மாதிரி.

"இது என்னது மக்களே? தண்ணிக்கு உள்ளதா, ஆயிலுக்கு உள்ளதா?"

"ஆயிலுக்குப்பா."

"காய்ச்சல் எத்தனை?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். போன்ல இருந்த போட்டோவையும் காட்டினேன். அப்பா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"செரி. காத்து எங்கன வழியா வருது?"

"முன்னாடி இருந்துப்பா."

"வருது. எங்கன வழியா போவுது?"

எனக்குப் பதில் தெரியலை. மூணு வருஷம் ஹீட் டிரான்ஸ்ஃபர், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்னு படிச்சு, அதுல நல்ல கிரேடும் வாங்கினவ நான்.

"நாளைக்குக் கடைக்கு வா."

மறுநாள் காலையில கடை. அப்பா கூலரை ஸ்டூல் மேல நிறுத்தினார். எதிர்ல டேபிள் ஃபேன். சாமி படத்துக்கு ஏத்தி வெச்சிருந்த ஊதுபத்தியை எடுத்து ஃபேனுக்கும் கூலருக்கும் நடுவுல பிடிச்சார்.

புகை நேரா கூலரைப் பார்த்துப் போச்சு. கிட்டப் போனதும்... ரெண்டு பக்கமும் பிரிஞ்சு, கூலரைச் சுத்திக்கிட்டு ஓடிப்போச்சு! ஜல்லடைக்குள்ள நுழைஞ்சது கொஞ்சமே கொஞ்சம்.

"பாத்தியா? காத்துக்கு நம்ம ஊரு ஆளுக்க புத்தி. வழி ரெண்டு கெடந்தா, கஷ்டம் இல்லாத வழியிலதான் போவும்."

அப்புறம் பழைய அட்டைப் பெட்டியைக் கிழிச்சு, கூலரோட நாலு பக்கமும் ஒட்டி ஒரு கூடு மாதிரி ஆக்கினார். மறுபடியும் ஊதுபத்தி. இந்தத் தடவை புகைக்கு வேற வழி இல்லை. அப்படியே ஜல்லடைக்குள்ள நுழைஞ்சு பின்பக்கம் வெளிய வந்துச்சு.

எனக்கு சட்டுனு ஆரல்வாய்மொழி ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல மாமா வீட்டுக்குப் போகும்போது, ஆடி மாசக் காத்துல பஸ்ஸோட ஜன்னல் ஷட்டரை இறக்கவே முடியாது. மலை ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்னு காத்தை ஒரு கணவாய்க்குள்ள திணிக்குது. அதனாலதான் முப்பந்தல்ல அத்தனை காத்தாடி! இந்தியாவோட பெரிய காற்றாலைக் கூட்டங்கள்ல ஒண்ணு அது. மாமா அங்கதான் காத்தாடி மராமத்து வேலை பார்க்கிறார். "மேல இருக்கிற கியர் பாக்ஸ்ல ஆயில் சூடாவும்லா, அதுக்கும் கூலர் உண்டு மக்களே"ன்னு அவர் எப்பவோ சொன்னது அப்போதான் மண்டையில உறைச்சுது. எங்க ஊரே ஒரு பெரிய கூலிங் பாடம். நான் அதைப் புஸ்தகத்துல தேடிட்டு இருந்திருக்கேன்!

"வர்ற வழிய மட்டும் அடைச்சாப் போராது. பொறத்த சூட்டுக் காத்து வெளிய போவ வழி வேணும். இல்லன்னா உள்ள நிக்குற காத்து வெளிய இருந்து வர்றத விடாது. பின்ன, இதைத் தண்ணி ரேடியேட்டருக்குப் பின்னால வச்சியே... அது குளிச்ச வெந்நீர்ல இதைக் குளிப்பாட்டுனா எப்பிடி? எதிர்ப் பக்கம் வை. தனிக் காத்து கொடு."

அப்புறம்தான் அந்த ஈரம். அப்பா கூலரோட ஒரு வாயை அடைச்சு, இன்னொரு வாய் வழியா காத்து ஏத்தி, தொட்டிக்குள்ள முக்கினார். குடு குடுன்னு குமிழி. மூட்டு வேர்ல முடி மாதிரி ஒரு விரிசல்.

"இதை முறுக்கும்போது எத்தனை ஸ்பானர் போட்ட?"

"ஒண்ணு..."

"அலுமினியம் மக்களே. ஒரு ஸ்பானர்ல கழுத்தைப் பிடிச்சிட்டு, இன்னொரு ஸ்பானர்லதான் முறுக்கணும். இல்லன்னா கழுத்து திரும்பி வேர்ல கீறும்."

தப்பு கூலர் மேல இல்லை. என் கைதான். அந்த விரிசலோட கோயமுத்தூர் போயிருந்தா? 130 டிகிரி ஆயில், டிரைவர் முதுகுக்குப் பின்னாடி, பக்கத்துலயே சிவக்கச் சிவக்க சைலன்ஸர். நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. மெதுவா ஓடுற அவமானம் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

"நீங்களே பத்த வெச்சிடுங்கப்பா."

அப்பா சிரிச்சார். "எனக்க ஈயம் இதுல பிடிக்காது மக்களே. பித்தளை, செம்புதான் நமக்கு. இதுக்கு ஆர்கான் வெல்டிங் வேணும்." கடை மூலையைக் காட்டினார். பிளாஸ்டிக் டேங்க் வெச்ச அலுமினிய ரேடியேட்டர் அஞ்சாறு குவிஞ்சு கெடந்துச்சு. "இப்போ வர்ற வண்டி எல்லாம் இதுதான். போச்சுன்னா புதுசு மாத்துகதுதான். பத்த வைக்க ஒண்ணும் இல்ல."

மாசத்துக்கு எத்தனை வேலை வருதுன்னு கேட்டேன். "வரும்"னார். அவ்வளவுதான். நான் அந்தக் கடைக்குள்ள போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. அப்போ தொட்டியில இடம் இல்லாம வாசல்ல வரிசையா ரேடியேட்டர் சாஞ்சு நிக்கும். இப்போ தொட்டித் தண்ணி தெளிவா இருந்துச்சு.

அந்த நேரம் பார்த்து என் போன் அடிச்சுது. கையெல்லாம் ஆயில், ஸ்பீக்கர்ல போட்டேன். கேப்டன்.

"ஹலோ, கூலர் என்னாச்சு? ஆமா, அங்கிள்கிட்ட கேட்டியா? அவங்க ஆட்டோமொபைல் பிசினஸ்தானே, ஷோரூம்ல டெக்னீஷியன் யாராவது இருப்பாங்கள்ல?"

கடைக்குள்ள கம்ப்ரஸர் சத்தம்கூட இல்லை. நான் போனைப் பிடுங்கி, "அப்புறம் பேசுறேன்"னு கட் பண்ணேன். அப்பா குனிஞ்சு தொட்டி ஓரத்தைத் துடைச்சுட்டு இருந்தார். ஏற்கெனவே துடைச்ச இடம்.

திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை. தகரம் வெட்டுற கத்திரியை எடுத்து என் கையில கொடுத்தார்.

"உங்க போட்டியில நீங்கதான் செய்யணும்னு ரூல் உண்டுன்னு சொன்னேல்லா? நான் தொட மாட்டேன். வெட்டு. நான் இங்கன இருந்து சொல்லுகேன்."

மன்னிப்பு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வரலை. அலுமினியத் தகட்டை வெட்டினேன். ஓரத்தை மடிச்சேன். மூணு தடவை கோணலாச்சு. நாலாவது தடவை கூடு கச்சிதமா உட்கார்ந்துச்சு. இடுக்குல எல்லாம் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினேன். பார்வதிபுரம் பக்கம் ஒரு பட்டறையில ஆர்கான் வெல்டிங் வெச்சோம். அந்த அண்ணன் காசு வாங்க மாட்டேன்னார். அப்பா விடலை, சட்டைப் பையில வெச்சுட்டு வந்தார். கிளம்பும்போது கூலரைத் திரும்பத் தொட்டியில முக்கினோம். ஒரு குமிழிகூட வரலை.

பஸ் ஏத்திவிட வந்த அப்பா ஒண்ணே ஒண்ணு சொன்னார். "காலையில குளிருக்கு ஆயில் சூடாவாது, பாத்துக்கோ. முந்தி மலைக்குப் போற லாரிக்காரனுவ ரேடியேட்டருக்கு முன்னால அட்டை சொருகுவானுவ. அது மாதிரி பாதிய மூடு. காய்ச்சலும் ஆவாது, ஜன்னியும் ஆவாது."

காலேஜ் திரும்பினதும் கூலரை எதிர்ப் பக்கம் மாட்டினோம். ரெண்டு ஸ்பானர் போட்டு! ஹோஸையும் கூலரையும் நிரப்பக் கூடுதலா ஆயில் வேணும்ல, அதனால ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி, நிறுத்தி, அளவு பார்த்து, மறுபடியும் ஊத்தினோம். முதல் நாள் காலையில ஆயில் 72-லயே நின்னுச்சு. அதுவும் தப்பு. ரொம்ப ஆறிப் போனா ஆயில் கெட்டியா நிக்கும், உள்ள சேர்ற ஈரம் ஆவியாகாது. கூலர்ல ஆட்டோமேட்டிக்கா திறந்து மூடுற தெர்மோஸ்டாட் வாங்கக் காசு இல்லை. அப்பா சொன்ன மாதிரி டேப் ஒட்டிப் பாதியை மூடினோம். 90. இன்ஜின் சூடானதும் டேப்பைப் பிச்சுட்டுப் பன்னிரண்டு ரவுண்டு.

112!

கேப்டன் லேப்டாப்பை மூணு தடவை பார்த்தான். சென்சார் கழண்டுடுச்சோன்னு நாலாவது தடவை காரையே பார்த்தான்.

ஜனவரி. கோயமுத்தூர், செட்டிபாளையம், கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் டிராக். மாருதி 800 இன்ஜினை வெச்சு 'ஃபார்முலா மாருதி' ரேஸ் காரை உருவாக்கி, நம்ம ஊர்ல குறைஞ்ச செலவுல ஃபார்முலா ரேஸ் ஓட்டலாம்னு காட்டின எஸ்.கரிவரதன் பேருல இருக்கிற டிராக் இது. 1995-ல விமான விபத்துல இறந்துட்டார் அவர். 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர், நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் இருக்காரே, அவர் ஆரம்ப காலத்துல ஓட்டினதும் ஃபார்முலா மாருதிதான். இருக்கிறதை வெச்சு ரேஸ் கார் செய்யுற ஊர்ப்பா இது!

கார் ஓடுறதுக்கு முன்னாடி டிசைன் ரவுண்டு. நடுவர்கள் காரைச் சுத்தி வந்து ஒவ்வொரு நட்டுக்கும் கணக்கு கேப்பாங்க. ஒரு நடுவர் ஆயில் கூலர் கிட்ட வந்து நின்னார். என் தகரக் கூட்டை விரலால தட்டினார்.

"இந்த டக்ட் யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

"சிமுலேஷன் பண்ணீங்களா?"

"இல்லை சார்... ஊதுபத்தி."

சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அவர் சிரிக்கலை. "விளக்கமா சொல்லுங்க"ன்னார். சொன்னேன். புகை பிரிஞ்சு ஓடினது, அட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய், 138, 135, 112 எல்லாம் சொன்னேன்.

"இந்த ஐடியா எங்கே பிடிச்சீங்க?"

டீம் மொத்தமும் பின்னாடி நிக்குது. கேப்டன் பக்கத்துல. வாய் வரைக்கும் வந்து கோட்டாறுல நின்னுபோன வார்த்தை இப்போ வந்துச்சு.

"எங்க அப்பா கத்துக்கொடுத்தார் சார். நாகர்கோவில்ல ரேடியேட்டர் மெக்கானிக். சின்னக் கடை. முப்பது வருஷமா காத்தும் தண்ணியும் எங்க வழியா போகுதுன்னு பார்க்கிறதுதான் அவர் வேலை."

நடுவர் எதையோ எழுதிட்டு, "நல்ல டெஸ்ட்"னு சொல்லிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். கேப்டன் என்னைப் பார்த்தான். "ஷோரூம்?"னான் மெதுவா. "அப்படி ஒண்ணு இல்லவே இல்லைடா"ன்னேன். அவன் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லலை. அப்புறம், "எங்க அப்பா நெல்லு மண்டியில மூட்டை தூக்குறார். நானும் 'அக்ரி பிசினஸ்'னுதான் சொல்லிட்டு இருக்கேன்"னான். ரெண்டு பிசினஸ் புள்ளிகளும் சிரிச்சோம்.

கடைசி நாள் எண்டூரன்ஸ். கோன் வெச்சு வளைச்சு வளைச்சுப் போட்ட பாதையில சுமார் 22 கிலோமீட்டர். சராசரி வேகம் 50 சொச்சம்தான், அதனால காத்தும் கம்மி. நடுவுல இன்ஜினை ஆஃப் பண்ணி டிரைவர் மாறணும், மூணு நிமிஷத்துக்குள்ள. பல கார்கள் செத்துப் போறது அங்கேதான். ஓடிட்டு இருந்த இன்ஜின் நின்னதும் தண்ணி நிக்கும், ஆயில் நிக்கும், காத்து நிக்கும். சூடு மட்டும் நிக்காது. உள்ளேயே தேங்கும். திரும்ப ஸ்டார்ட் ஆகணும். ஒரு சொட்டு ஆயில் தரையில விழுந்தாலும் கொடி காட்டி ஓரங்கட்டிடுவாங்க.

முதல் டிரைவர் வந்து நின்னான். ஆயில் 114. தரையில குனிஞ்சு பார்த்தேன், காய்ஞ்ச சிமென்ட். ரெண்டாவது டிரைவர் ஏறி பெல்ட் போட்டான். பட்டனை அமுக்கினான். கர்ர்ர்... இல்லை. எனக்கு மூச்சு நின்னுடுச்சு. மறுபடியும் கர்ர்ர்... பட பட படன்னு பிடிச்சுது!

நாங்க ஜெயிக்கலைங்க. கப் எல்லாம் வேற காலேஜ் கொண்டு போனாங்க. ஆனா 22 கிலோமீட்டரையும் முடிச்சோம். எங்க காலேஜ் கார் எண்டூரன்ஸை முழுசா முடிச்சது அதுதான் முதல் தடவை. கடைசி ரவுண்டுல ஆயில் 117. கூலர் மூட்டுல ஈரம் இல்லை. விரலால தடவிப் பார்த்து, அந்த விரலைக் கேப்டன் மூஞ்சிக்கு நேரா காட்டினேன். சுத்தம்!

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். கோட்டாறுல கேக்காம விட்ட மன்னிப்பைக் கேட்டுடணும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். அவர் விடணுமே!

"காய்ச்சல் எத்தனை மக்களே?"

"117-ப்பா. முடிச்சுட்டோம்."

"கொள்ளாம்." கொஞ்சம் இடைவெளி. "ஒழுகிச்சா?"

"இல்லப்பா."

"ரெண்டு ஸ்பானரா?"

"ரெண்டு ஸ்பானர்தான்." அப்புறம் ஒரு மூச்சுல சொன்னேன். "அப்பா, இன்னிக்கு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க அப்பா ரேடியேட்டர் மெக்கானிக்னு."

எதிர்ப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு போனைப் பார்த்தேன். ஓடிட்டுதான் இருந்துச்சு.

"செரி, செரி"ன்னார். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "அதை எல்லாம் எதுக்கு அங்கன போய்ச் சொல்லிட்டு நிக்க? நீ சாப்பிட்டியா?"